லெவல் 2-ஆ, லெவல் 3-ஆ? பிரிட்டனில் மருத்துவமனை உதவிப் பணியாளர் டிப்ளமோ பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டிருப்பவர் லண்டனில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் ஒரு மருத்துவமனையில், முதியோர் வார்டில் ஓராண்டாக உதவிப் பணியாளராக இருக்கும் சகோதரி. சம்பளம் பேண்ட் 2 (என்.எச்.எஸ். சம்பளப் படிநிலை; எண் கூடினால் சம்பளமும் கூடும்). யாழ்ப்பாணத்தில் வணிகவியல் பட்டம் பெற்றவர். கேர் சர்டிபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டார். அடுத்து டிப்ளமோ படிக்கும்படி வார்டு மேலாளர் சொல்கிறார். லெவல் 2 எடுப்பதா, லெவல் 3 எடுப்பதா? ஆங்கிலத்தில் எழுதப் பயமாக இருக்கிறதே, எப்படிச் சமாளிப்பது? இதைப் படித்தால் ஒரு நாள் செவிலியர் ஆக முடியுமா? இவைதான் அவருடைய மூன்று கேள்விகள். கூடவே, திருச்சியில் இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி இதே படிப்பை இணையத்தில் படித்துவிட்டு இங்கே வரலாமா என்றும் கேட்கிறார்.

நானும் வார்டில் இதே வேலையைச் செய்தவள்தான். பிறகு இந்த டிப்ளமோ படிப்பவர்களை மதிப்பிடும் பணிக்கு வந்தேன். அதனால் சுற்றி வளைக்காமல் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். லெவல் 3 எடுங்கள். அதிலும் 'ஹெல்த்கேர் சப்போர்ட்' என்ற பெயருள்ள டிப்ளமோவை எடுங்கள். முடிந்தால் சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே கற்கும் அப்ரென்டிஸ்ஷிப் வழியாகச் சேருங்கள். எழுத்தைப் பற்றிய உங்கள் பயத்துக்குப் படிப்பின் அமைப்பிலேயே மருந்து இருக்கிறது. செவிலியர் ஆவதற்கு மட்டும் இந்த டிப்ளமோவை நம்பியிருக்க வேண்டாம். அதைவிட நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. இனி ஒவ்வொன்றாக.

நீங்கள் முடித்த கேர் சர்டிபிகேட் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால், மேலே படிக்கப்போவது ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரியும். ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் தண்ணீர் கூடக் கிடைக்காமல், அழுக்கான படுக்கையில் கிடந்த கொடுமையை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ் அறிக்கை 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் கமிலா கேவெண்டிஷ் தந்த ஆய்வறிக்கை, நோயாளிக்கு மிக நெருக்கமாக நின்று வேலை செய்யும் உதவிப் பணியாளர்களுக்குச் சீரான பயிற்சியே இல்லை என்று எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 2015 ஏப்ரலில் கேர் சர்டிபிகேட் வந்தது. அப்போது அதில் 15 தரநிலைகள் இருந்தன. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் பற்றிய தரநிலை பின்னர் சேர்ந்ததில் இப்போது 16. இது வேலைக்குச் சேர்ந்தவுடன் தரும் அடிப்படைப் பயிற்சி மட்டுமே. தேர்வு வாரியம் வழங்கும் முறையான தகுதி அல்ல. வேறு மருத்துவமனைக்கு மாறினால் மறுபடியும் செய்யச் சொல்வது சாதாரணமாக நடக்கிறது. டிப்ளமோ அப்படியல்ல. சிட்டி அண்டு கில்ட்ஸ், பியர்சன், என்.சி.எஃப்.இ. போன்ற தேர்வு வாரியங்கள் வழங்குவது. எங்கே போனாலும் உங்களோடு வரும்.

பழைய ஆட்கள் இதை இன்னும் 'என்.வி.க்யூ.' என்றே சொல்வார்கள். அந்தப் பெயர் போய், இப்போது ஆர்.க்யூ.எஃப். என்ற தகுதிச் சட்டகத்தின் கீழ் வருகிறது. லெவல் எண் கூடினால் படிப்பின் கடினமும் கூடும். எல்லாம் கிரெடிட் கணக்கு. ஒரு கிரெடிட் என்றால் ஏறத்தாழ 10 மணி நேரக் கற்றல். லெவல் 2 'டிப்ளமோ இன் கேர்' 46 கிரெடிட். லெவல் 3 'அடல்ட் கேர்' 58 கிரெடிட். லெவல் 3 'ஹெல்த்கேர் சப்போர்ட்' 65 கிரெடிட். அதாவது கடைசியாகச் சொன்னதற்கு 650 மணி நேரம். இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். வேலை செய்துகொண்டே கற்கும் நேரமும் அதில் அடக்கம்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பயிற்சி நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் கூப்பிட்டு, 'ஹெல்த் அண்டு சோஷியல் கேர் லெவல் 3' என்று பொதுவாகச் சொல்லி 'அடல்ட் கேர்' டிப்ளமோவில் சேர்த்துவிடுகிறார். அது முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் வேலை செய்பவர்களுக்கு ஏற்றது. பராமரிப்புத் திட்டம் எழுதுவது, வாழ்க்கைமுறைத் தேர்வுகளுக்கு உதவுவது என்று அதன் போக்கே வேறு. மருத்துவமனை வார்டில் நீங்கள் செய்யும் உடலியல் அளவீடுகள், இரத்த மாதிரி, இ.சி.ஜி., சிறுநீர்க் குழாய் பராமரிப்பு ஆகியவை 'ஹெல்த்கேர் சப்போர்ட்' டிப்ளமோவின் விருப்பப் பாடங்களில்தான் இயல்பாகப் பொருந்துகின்றன. சேர்வதற்கு முன் தகுதியின் முழுப் பெயரையும் தேர்வு வாரியத்தின் பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் நிறுவனத்தில் சேராதீர்கள்.

லெவல் 2 முடித்தால்தான் லெவல் 3 என்று விதி இல்லை. ஆனால் லெவல் 3-க்கான சான்றுகளைக் காட்ட, உங்கள் அன்றாட வேலையில் கொஞ்சம் பொறுப்பு இருக்க வேண்டும். நோயாளியின் நிலை மாறுவதைக் கவனித்துச் சொல்வது, புதிதாக வந்தவருக்கு வழிகாட்டுவது போன்றவை. ஓராண்டு முதியோர் வார்டில் இருந்தவருக்கு இவை தானாகவே வந்திருக்கும். வேலைக்கு வந்து சில மாதங்களே ஆனவர் என்றால் லெவல் 2 எடுக்கச் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் சம்பளம் பற்றியும் பேசியாக வேண்டும். 2021-இல் திருத்தப்பட்ட தேசிய வேலை விவரத்தின்படி பேண்ட் 2 என்பது குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், கழிப்பறைக்கு உதவுதல் போன்ற உடல் பராமரிப்பு. இரத்த அழுத்தம், நாடி, இரத்தச் சர்க்கரை முதலியவற்றை அளந்து பதிவது, இரத்தம் எடுப்பது, இ.சி.ஜி. எடுப்பது போன்ற மருத்துவப் பணிகளை வழக்கமாகச் செய்பவரின் இடம் பேண்ட் 3. யூனிசன் தொழிற்சங்கம் இதற்காக நாடெங்கும் இயக்கம் நடத்தி, பல அறக்கட்டளைகளில் (மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ். நிர்வாக அமைப்புகள்) பேண்ட் உயர்வும் பின்தேதியிட்ட பாக்கியும் பெற்றுத் தந்திருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளவீடுகள் எடுக்கிறீர்கள் என்றால், டிப்ளமோ முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வேலை விவரத்தை எடுத்துக்கொண்டு சங்கப் பிரதிநிதியிடம் பேசுங்கள். நம் பெண்கள் 'வேலை கொடுத்ததே பெரிது' என்று வாய் மூடி இருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வருத்தம்தான் மிஞ்சியிருக்கிறது.

அடுத்து, எந்த வழியில் படிப்பது? அப்ரென்டிஸ்ஷிப் என்றதும் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கானது என்று நினைக்க வேண்டாம். வயது வரம்பு கிடையாது, பட்டதாரியும் சேரலாம், புதிதாக எதையாவது கற்பதாக இருந்தால் போதும். ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் முதலாளிகள் 2017 ஏப்ரலிலிருந்து 0.5 சதவீதத்தை அப்ரென்டிஸ்ஷிப் வரியாகக் கட்டுகிறார்கள். பெரிய மருத்துவமனைகள் எல்லாம் இதில் வரும். கட்டிய பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்பதால், ஆள் சேர்க்க அவர்களுக்கும் ஆர்வம் உண்டு. உங்களுக்குச் செலவு இல்லை. படிப்புக்கான நேரத்தை வேலை நேரத்திலேயே, சம்பளத்துடன் தர வேண்டும் என்பது விதி. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி வார்டில் அந்த நேரத்தைப் பறிப்பது நடக்கும். ஆகவே தொடக்கத்திலேயே அந்த மணி நேரங்களை ரோட்டாவில் (பணிநேர அட்டவணையில்) பதியச் சொல்லுங்கள். பதியாத நேரம் கிடைக்காது.

அப்ரென்டிஸ்ஷிப்பில் இறுதியாகத் தனி மதிப்பீடு ஒன்று உண்டு. கண்காணிப்பும், போர்ட்ஃபோலியோவை (நீங்கள் சேர்த்த சான்றுகளின் தொகுப்பை) வைத்து நடக்கும் உரையாடலும் அதில் வரும். தனி டிப்ளமோவில் அது இல்லை, பாடம் பாடமாக முடித்துக்கொண்டே போகலாம். அரசு நிதி பெற, சட்டப்படி இங்கே வசித்த காலம் பற்றிய நிபந்தனை இருக்கிறது. பொதுவாக மூன்று ஆண்டுகள், உரிய குடியேற்ற நிலையோடு. அது பொருந்தாவிட்டால் மருத்துவமனையின் கல்விப் பிரிவு தன் செலவில் டிப்ளமோவில் சேர்க்குமா என்று கேளுங்கள். பயிற்சி நிறுவனத்திடம் கேட்பதற்கு முன் அங்கே கேளுங்கள். ஆங்கிலம், கணக்குத் தகுதிகள் முன்பு எல்லோருக்கும் கட்டாயம். 2025 பிப்ரவரியிலிருந்து 19 வயதைக் கடந்தவர்களுக்கு அது முதலாளியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. விருப்பம்தானே என்று விட்டுவிடாமல் இரண்டையும் லெவல் 2 வரை முடித்துவிடுங்கள். மேற்படிப்பின் ஒவ்வொரு வாசலிலும் அதைக் கேட்பார்கள்.

இனி உங்களை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதுவது.

இந்த டிப்ளமோவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கட்டுரை எழுதும் தேர்வு எதுவும் இல்லை. நீங்கள் திறமையாகவும் காரணம் தெரிந்தும் வேலை செய்கிறீர்கள் என்பதற்குச் சான்று சேர்ப்பதுதான் படிப்பு. சான்று பலவகை. மதிப்பீட்டாளர் வார்டுக்கு வந்து நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்து எழுதுவது முதல் வகை. அதற்குத்தான் மதிப்பு அதிகம். உங்கள் வேலையை அன்றாடம் பார்க்கும் மூத்த செவிலியர் எழுதித் தரும் சாட்சியம் இன்னொன்று. குளிப்பாட்டுவது, கழிப்பறைக்கு உதவுவது போன்ற அந்தரங்கமான வேலைகளில் மதிப்பீட்டாளர் எட்டிப் பார்க்கக் கூடாது. அங்கே இந்தச் சாட்சியம்தான் கைகொடுக்கும். நடந்ததை நினைத்துப் பார்த்து நீங்களே எழுதும் குறிப்பு மூன்றாவது. நான்காவதாக, மதிப்பீட்டாளரோடு பேசும் உரையாடல். அதை ஒலிப்பதிவு செய்து சான்றாக வைக்கிறார்கள். எழுதத் தயங்கும் பலர் பேச்சில் பிரமாதமாகத் தங்கள் வேலையை விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். முதல் சந்திப்பிலேயே, 'எனக்கு எழுத்தைவிடப் பேச்சு எளிது, உரையாடல் வழியாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்யலாமா?' என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

எழுத வேண்டிய இடங்களில் என்ன எழுதுவது? நான் திருப்பி அனுப்பிய குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: 'நோயாளியைக் கண்ணியமாக நடத்தினேன். கைகளைக் கழுவினேன். விதிமுறைகளைப் பின்பற்றினேன்.' இதில் தவறு இல்லை, ஆனால் ஆளும் இல்லை, நாளும் இல்லை, காரணமும் இல்லை. இணையத்திலிருந்து எடுத்ததா, உங்கள் கையிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது.

வார்டில் அன்றாடம் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்பது வயதைக் கடந்த ஒருவர் காலையில் உடல் துடைக்க மறுக்கிறார். நீங்கள் அவருடைய காது கருவி மேசையிலேயே கிடப்பதைப் பார்க்கிறீர்கள். அதை மாட்டிவிட்டு, முகத்துக்கு நேரே நின்று மறுபடி கேட்கிறீர்கள். 'இப்போது வேண்டாம், தேநீர் குடித்த பிறகு' என்கிறார். சரி என்று போய்விட்டுத் திரும்ப வருகிறீர்கள். முகத்தையும் கைகளையும் அவரே துடைத்துக்கொள்கிறார், முதுகையும் கால்களையும் நீங்கள் துடைக்கிறீர்கள். குதிகாலில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. குதிகால் மெத்தையில் படாதபடி காலை உயர்த்தி வைக்கிறீர்கள். செவிலியரிடம் சொல்கிறீர்கள். நேரத்தோடு பதிவு செய்கிறீர்கள்.

இந்த அரை மணி நேரத்தில் எத்தனை பாடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். காது கருவியைக் கவனித்தது தகவல்தொடர்பு. மறுத்தவரை வற்புறுத்தாமல் தள்ளிப்போட்டது சம்மதம். முகத்தை அவரையே துடைக்க விட்டது தற்சார்பை வளர்ப்பது. அழுத்தினால் வெளுக்காத சிவப்பு அழுத்தப் புண்ணின் முதல் நிலை என்று தெரிந்திருந்தது தோல் பராமரிப்பு. சொன்னது கவனிப்புக் கடமை. எழுதியது தகவல் கையாளுதல். ஒரே நிகழ்வை ஆறு பாடங்களுக்குச் சான்றாக வைக்கலாம். ஒரே நிகழ்வு இப்படிப் பல பாடங்களைத் தொடுவதை நாங்கள் பாராட்டுவோம். தெரியாதவர்கள் ஆறு பாடத்துக்கும் தனித்தனியாகக் கட்டுரை எழுதிக் களைத்துப்போகிறார்கள்.

இதில் ஒவ்வொரு செயலுக்கும் 'ஏன்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் லெவல் 3 ஆகிவிடும். குதிகாலை ஏன் உயர்த்தினேன்? எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, அழுத்தத்தை எடுத்தால்தான் அது மீளும். ஏன் உடனே சொன்னேன்? ஆபத்தில் இருப்பவரைக் குறைந்தது 6 மணி நேரத்துக்கு ஒரு முறையும், கடும் ஆபத்தில் இருப்பவரை 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும் படுத்திருக்கும் நிலையை மாற்றச் சொல்கிறது, சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் என்ற அரசு அமைப்பின் வழிகாட்டுதல். புண் தொடங்கிவிட்டால் அந்தத் திட்டத்தைச் செவிலியர் மாற்றி எழுத வேண்டியிருக்கும். இன்னொன்றும் சேர்த்து எழுதினால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்: நம்மைப் போல் கருத்த தோல் உள்ளவர்களிடம் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்து வெப்பம், இறுக்கம், வலி, சுற்றியுள்ள தோலோடு நிற வேறுபாடு ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். பாடப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலையே காட்டுகின்றன. உங்களால் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம் இது.

கேள்விகளில் வரும் வினைச்சொற்களை மட்டும் கூர்ந்து பாருங்கள். 'அடையாளம் காட்டு' என்றால் பெயர்களைச் சொன்னால் போதும். 'விவரி' என்றால் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டும். 'விளக்கு' என்றால் காரணம் வேண்டும். காரணம் கேட்ட இடத்தில் பட்டியல் போட்டால் எவ்வளவு நீளமாக எழுதினாலும் திரும்பி வரும்.

உடலியல் அளவீடுகள் பாடத்தை நீங்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்ட வார்டில் பயன்படுத்தும் நியூஸ் 2 மதிப்பெண் முறை, ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2017 டிசம்பரில் வெளியிட்டது. மூச்சு வேகம், ஆக்சிஜன் செறிவு, மேல் இரத்த அழுத்தம், நாடி, நினைவு நிலை, வெப்பநிலை ஆகிய ஆறு அளவுகள். வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுத்தால் கூடுதலாக 2. மொத்தம் 5 ஆனால் அவசரக் கவனிப்பு, 7 ஆனால் அதைவிட அவசரம். எண்ணைக் கருவி தானாகக் கூட்டிக்கொடுக்கிறது என்பதால் பலர் இதன் உள்ளே போவதில்லை. மூச்சை எண்ணுவதற்குக் கருவியை நம்பியிருக்கக் கூடாது. ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும், எண்ணுகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாமல் எண்ண வேண்டும், சொன்னால் மூச்சு மாறிவிடும். எல்லோருக்கும் 16 அல்லது 18 என்று போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது முதலில் மாறுபவற்றில் ஒன்று மூச்சுதான். நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண். நாள்பட்ட நுரையீரல் நோயால் கரியமில வாயு தேங்குபவர்களுக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 வரை, அவர்களுக்குத் தனி அளவுகோல். எந்த நோயாளிக்கு எந்த அளவுகோல் என்று மருத்துவர் முடிவு செய்து குறிப்பார், அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவது உங்கள் வேலை. உங்கள் உரையாடலில் மதிப்பீட்டாளர் இதைக் கட்டாயம் கிளறுவார்.

இரத்தம் எடுக்கும் பாடம் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் உங்கள் வார்டில் இரத்தம் எடுக்கத் தனிக் குழு வருகிறது என்றால் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாவனையாகச் செய்து காட்டினால் ஏற்க மாட்டோம், உண்மையான வேலைச் சூழலில் செய்ய வேண்டும். வாய்ப்பே கிடைக்காமல் அந்த ஒரு பாடத்துக்காக டிப்ளமோவே மாதக்கணக்கில் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். முதியோர் வார்டுக்கு மறதி நோய், சாப்பிடவும் குடிக்கவும் உதவுதல், வாழ்வின் இறுதிக்கட்டப் பராமரிப்பு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகியவை பொருத்தம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு உணவும் பானமும் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ஐ.டி.டி.எஸ்.ஐ. நிலைகள் 0 முதல் 7 வரை உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். அது அப்படியே சான்று.

நம் வளர்ப்பு இந்தப் படிப்போடு மோதும் இடங்களைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, அதனால் நான் சொல்கிறேன். வயதானவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவதுதான் மரியாதை என்று நாம் வளர்ந்திருக்கிறோம். ஊட்டிவிடுவோம், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவோம். மதிப்பீட்டாளர் முன்னால் நீங்கள் அதைச் செய்தால், தற்சார்பை வளர்க்கவில்லை என்று எழுதுவார். அவர் சொல்வது சரியும் கூட. இடுப்பெலும்பு முறிந்து வந்த பாட்டி இங்கே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு தானே பொத்தான் போட்டுப் பழகினால்தான், வீட்டுக்குப் போனபின் அவரால் தனியாக வாழ முடியும். நீங்கள் ஒரு நிமிடத்தில் போட்டுவிட்டால், அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறீர்கள்.

இரண்டாவது, குடும்பம். நம் ஊரில் மருத்துவர் மகனிடம்தான் பேசுவார், நோயாளியிடம் இல்லை. இங்கே 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, வயது வந்த ஒவ்வொருவருக்கும் முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே முதலில் கருத வேண்டும். நமக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியாத முடிவை எடுத்தார் என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. இனிப்பு கேட்கும் சர்க்கரை நோயாளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வார்டில் தமிழ்க் குடும்பம் வந்து, 'அம்மாவிடம் சொல்லாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள்' என்று உங்களைத் தமிழில் கேட்பார்கள். பரிவோடு கேளுங்கள், ஆனால் அதைச் செவிலியரிடம் கொண்டுபோங்கள். மொழிபெயர்ப்பாளர் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மருத்துவமனையில் தனிச் சேவை இருக்கிறது. இந்த மாதிரி ஒரு நிகழ்வை எழுதினால், சம்மதம் பற்றிய பாடத்தில் உங்களைவிட நன்றாக யாராலும் எழுத முடியாது.

மூன்றாவது, மேலதிகாரியிடம் மறுத்துப் பேசுவது. செவிலியர் செய்வது தவறாகத் தெரிந்தாலும் வாய் திறக்கத் தயங்குவோம். ஸ்டாஃபர்டில் நடந்தவற்றைப் பார்த்தும் பலர் பேசவில்லை, பேசிய சிலரைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு அறக்கட்டளையிலும் ஊழியர்கள் தவறுகளைப் பற்றித் தயங்காமல் சொல்ல ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன் என்ற பொறுப்பாளர் வைக்கப்பட்டார். உங்கள் மருத்துவமனையில் அவர் யார், எப்படி அணுகுவது என்று தெரிந்துவைத்து, கவனிப்புக் கடமைப் பாடத்தில் எழுதுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், படுக்கை எண், அட்டையின் நகல், கைபேசிப் படம் எதுவும் இருக்கக் கூடாது. 'ஒரு நோயாளி' என்றால் போதும். பதிவேட்டைக் காட்ட வேண்டியிருந்தால், மதிப்பீட்டாளர் வார்டுக்கு வரும்போது அங்கேயே பார்த்து, பார்த்ததாகக் குறித்துக்கொள்வார். ரகசியம் காத்தல் பாடத்துக்கே நோயாளி பெயரோடு சான்று அனுப்புபவர்கள் உண்டு.

நண்பர்கள் தங்கள் பழைய பதில்களை அனுப்பிவைப்பார்கள். பாசத்தில்தான் தருகிறார்கள். வாங்காதீர்கள். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கவும் வேண்டாம். மாட்டினால் முறைகேடு என்று தேர்வு வாரியத்துக்குப் போகும், வேலைக்கும் ஆபத்து. உரையாடலின் போது இரண்டு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும். முதலில் தமிழில் யோசித்து, ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது கைபேசியில் பெயர் விவரம் இல்லாமல் நான்கு வரி தமிழிலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் அதை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணப் பிழைக்காக இந்த டிப்ளமோவில் யாரையும் தோல்வியடையச் செய்வதில்லை, பொருள் புரிந்தால் போதும். நீங்கள் வார்டில் எழுதும் குறிப்பே ஆங்கிலம்தானே? கணக்குக்கும் அதே யோசனை. நீர்ச் சமநிலை அட்டையில் உள்ளே போன மில்லிலிட்டரையும் வெளியே வந்ததையும் தினமும் கூட்டிக் கழிக்கிறீர்கள். அளவு மாற்றம், சதவீதம், வரைபடம் படிப்பது எல்லாம் உங்கள் கைக்குப் பழக்கமானவை.

செவிலியர் ஆகும் வழி. லெவல் 3 டிப்ளமோவைக் காட்டினால் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் பலரைச் சேர்க்கிறார்கள். வேலைத்திறன் சார்ந்த இந்த டிப்ளமோவை மட்டும் வைத்துச் செவிலியர் பட்டப்படிப்புக்குச் சேர்க்காத பல்கலைக்கழகங்கள் பல. பள்ளிப்படிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு 60 கிரெடிட் கொண்ட 'ஆக்சஸ் டு எச்.இ.' டிப்ளமோ அந்த வாசலுக்கென்றே இருக்கிறது. இல்லையென்றால் மருத்துவமனைக்குள்ளேயே இரண்டு ஆண்டு நர்சிங் அசோசியேட் அப்ரென்டிஸ்ஷிப். உதவிப் பணியாளருக்கும் செவிலியருக்கும் இடைப்பட்ட பணி அது; 2019 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் என்.எம்.சி. (செவிலியர்களைப் பதிவு செய்யும் ஒழுங்குமுறைக் குழு) பதிவு உள்ளது, பேண்ட் 4. அங்கிருந்து பட்டத்தை முடித்துச் செவிலியராகலாம், பேண்ட் 5. இந்த வழிக்கு லெவல் 3 டிப்ளமோ உங்கள் பெயரை வார்டு மேலாளரின் பட்டியலில் மேலே கொண்டுவரும்.

ஆனால் உங்களிடம் பட்டம் இருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்துவிட்டீர்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. எடுங்கள். வெளிநாட்டுத் தகுதிகளை பிரிட்டன் தகுதிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் யு.கே. இ.என்.ஐ.சி.யில் அதற்கு ஒப்பீட்டுச் சான்று வாங்குங்கள். வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்குச் செவிலியத்தில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஏற்கெனவே கற்றதையும் செய்ததையும் (முன்கற்றலை) ஏற்று, படிப்பின் பாதிவரை குறைத்துக்கொள்ள என்.எம்.சி. அனுமதிக்கிறது. அந்த முன்கற்றலைக் காட்ட உங்கள் வார்டு அனுபவமும், நீங்கள் இப்போது சேர்க்கப்போகும் போர்ட்ஃபோலியோவும் பயன்படும். தகுதியுள்ள செவிலிய மாணவர்களுக்கு 2020 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பவுண்டு, திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகையும் தருகிறார்கள். அதற்கும் கல்விக் கடனுக்கும் உங்கள் குடியேற்ற நிலை பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். என் யோசனை, லெவல் 3-ஐ இந்த ஆண்டே தொடங்குங்கள், பட்டத்தின் ஒப்பீட்டுச் சான்றுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று வைத்தால் இரண்டு ஆண்டு வீணாகும்.

இவை எல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்தில் எஸ்.வி.க்யூ. என்று தனி முறை, வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் வேறு ஏற்பாடுகள்.

திருச்சியில் இருக்கும் பெண்ணிடம் பணம் கட்ட வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். 'பிரிட்டிஷ் லெவல் 3, இணையத்தில் மூன்று வாரம், விசா உறுதி' என்று விற்கிறார்கள். வேலை செய்யும் இடம் இல்லாமல், யாரும் நேரில் பார்க்காமல் இந்த டிப்ளமோவை முடிக்கவே முடியாது. அவர்கள் தருவது வெறும் வருகைச் சான்றிதழ். கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக விசா விண்ணப்பிப்பதை 2025 ஜூலை 22-இல் பிரிட்டன் நிறுத்திவிட்டது. எந்தச் சான்றிதழும் அந்தக் கதவைத் திறக்காது. அவருக்கு இந்த வேலையில் உண்மையான விருப்பம் இருந்தால், இந்தியாவிலேயே 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்ற தொழிற்பயிற்சி இருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சியோடு நடத்தும் மையமா என்று நேரில் போய்ப் பார்த்துச் சேரட்டும். வெளிநாடுதான் குறி என்றால், வயதும் மதிப்பெண்ணும் இருக்கும்போதே பி.எஸ்சி. நர்சிங் படிக்கட்டும். பதிவு பெற்ற செவிலியருக்கான வழி இன்னும் திறந்திருக்கிறது.